பவர் விண்டோ நின்றுவிட்டால்: பழுது பார்ப்பதா, அசெம்பிளியையே மாற்றுவதா?

காரின் கண்ணாடி ஏற மறுக்கும்போது சேலத்துக்காரருக்கு மூன்று வழிகள் உள்ளன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, மோட்டாரும், கேபிளால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்த புதிய அசெம்பிளியைப் போட்டுக்கொள்ளலாம். தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துக் கெட்ட பாகத்தை மட்டும் சரிசெய்யலாம். காயலான் கடையிலிருந்து பழைய பாகத்தை வாங்கிப் பொருத்தலாம். இவற்றுள் எது மேல் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. மின்சாரம் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது, அதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் பியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஓட்டுநர் பக்கத்து மெயின் சுவிட்சின் எர்த் (மின்சாரம் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர் வரையிலான பியூஸ் ஒன்றே இதற்குப் பொறுப்பாக இருக்கும். ஒரு கண்ணாடி மட்டும் நின்றிருந்தால், இரவில் உள்விளக்கைப் போட்டுவிட்டு அந்தச் சுவிட்சை அழுத்திப் பார்க்கலாம். விளக்கு சற்றே மங்கினால் மின்சாரம் மோட்டார்வரை போகிறது, ஆனால் கண்ணாடியோ மோட்டாரோ இறுகிக் கிடக்கிறது என்று பொருள். விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லையென்றால் சுவிட்ச், வயர், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டு ஆகிய மூன்றில் ஒன்று பழுது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும். மோட்டாரின் வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) பின்னோக்கிச் சுழலாது என்பதால், மின்கோளாறில் நின்ற கண்ணாடி நின்ற இடத்திலேயே இருக்கும். கேபிள் அறுந்த கண்ணாடியோ கதவுக்குள் சரிந்துவிடும்.

மின்கோளாறு என்று தெரிந்தால், என் கணிப்பில் ஆட்டோ எலக்ட்ரீஷியனே சரியான தேர்வு. பல கார்களில் பின்கதவு மோட்டாரின் மின்பாதை ஓட்டுநர் பக்கத்து மெயின் சுவிட்சுக்குள்ளும் புகுந்துதான் எர்த்துக்குத் திரும்புகிறது. ஆகவே பின்கதவில் உள்ள சுவிட்ச் நல்ல நிலையில் இருந்தும், மெயின் சுவிட்சுக்குள் மின்சாரத்தை இணைக்கும் தகடு கறுத்துப் போனதால் கண்ணாடி நிற்பதுண்டு. இதை அறியாமல் பின்கதவின் மோட்டாரை மாற்றினால் பணம் போகும், பழுது போகாது. சுவிட்சைக் கழற்றிக் காண்டாக்ட் கிளீனரால் துடைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதில் தேறாவிட்டால் புதிய சுவிட்ச் வாங்குவதே நல்லது, ஏனெனில் தேய்ந்த தகடு மீண்டும் விரைவில் கருகும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் செல்லும் வயர்கள், கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைவதால், காலப்போக்கில் உள்ளேயே அறுந்துவிடும். சுவிட்சை அழுத்தியபடி கதவை மெல்ல அசைத்தால் கண்ணாடி விட்டுவிட்டு ஏறுவது இதன் அடையாளம். அறுந்த இடத்தில் அதே பருமன் வயரைச் சேர்த்துச் சால்டர் வைத்தால் போதும். சேர்ப்பு வளைவில் விழாமல் தள்ளி அமைய வேண்டும் என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உண்மையான போட்டி மோட்டாரிலும் ரெகுலேட்டரிலும்தான். சுவிட்சை அழுத்திக்கொண்டு கதவின் உள்பக்கத்தைக் கையால் தட்டும்போது கண்ணாடி அசைந்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். பிரிக்கக்கூடிய மோட்டாராயின் கார்பன் மாற்றுவது மலிவு. ஆயினும் உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்த மோட்டாருக்குக் கார்பன் மாற்றுவது வீண் வேலை. கேபிளும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் துண்டுகளும் உடைந்திருந்தால், புதிய ரெகுலேட்டரே என் பரிந்துரை; கேபிளை மட்டும் கட்டித் தரும் வேலை, இழுவிசை சரியாக அமையாததால், அடிக்கடி மறுபடி கதவைப் பிரிக்க வைக்கிறது. மோட்டார் நல்ல நிலையில் இருந்தால் ரெகுலேட்டரை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்பது அவசியம். பழைய பாகத்தைப் பொறுத்தவரை, மோட்டாரைக் கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இருபுறமும் சுழற்றிப் பார்த்து வாங்கலாம். பழைய கேபிள் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக்கும் அதே வயதுடையது என்பதால் அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சேலத்தில் கிடைக்காத மாடலுக்குச் சென்னைப் புதுப்பேட்டைவரை விசாரிப்போரும் உண்டு.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், கண்ணாடி ஓடும் பள்ளத்து ரப்பரைக் கவனிக்காவிட்டால் புதிய மோட்டாரும் திணறும். சேலத்து வெயிலில் காய்ந்து, புழுதி அடைத்த ரப்பர் கண்ணாடியை இறுகப் பிடிக்கிறது. சுத்தம் செய்து சிலிக்கான் ஸ்பிரே அடிக்க வேண்டும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

ஒரே அழுத்தில் தானாக மேலேறி, கை தடுத்தால் தானாக இறங்கும் கண்ணாடி உள்ள கார்களில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அவற்றில் மோட்டாரோடு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையும் இணைந்திருப்பதால், பேட்டரியை நேரடியாகக் கொடுத்துச் சோதிப்பது ஆபத்து. மின்னணுக் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரே பொருத்தம். ஆனால் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தானேறும் வசதி மட்டும் நின்றிருந்தால், கண்ணாடியை முழுதாக ஏற்றிச் சில நொடிகள் சுவிட்சைப் பிடித்திருந்தாலே பல மாடல்களில் சரியாகிவிடும். கார்க் கையேட்டில் அந்த முறை இருக்கும்.

ஏற்காட்டில் வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் ஒப்பிட வேண்டும்: வேலை செய்பவர் டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க மூடிக்கு) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எப்படிக் கையாள்கிறார் என்பது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் மழையும் மாறிமாறி வரும் ஊரில், அந்தத் தாளைக் கிழித்து அப்படியே விட்டுவிட்டால், கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் சுவிட்சுக்கும் ஸ்பீக்கருக்கும் போய்ச் சேரும். கூலி சற்றுக் கூடினாலும், தாளைப் பசையோடு மறுபடி ஒட்டி, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளின் அடைப்பையும் குத்திவிடுபவரிடம் கொடுப்பதே மேல். மழை நாளில் கேபிள் அறுந்து கண்ணாடி சரிந்துவிட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வருவதற்கு முன், கண்ணாடியை இரு உள்ளங்கைகளாலும் மேலே இழுத்து, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். மோட்டார் நின்று அந்தரத்தில் மாட்டிய கண்ணாடியை மட்டும் பலங்கொண்டு இழுக்கக் கூடாது. மோட்டாரை ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய பிறகே அது நகரும்.