கிராண்ட்பாஸ் மரக்காலையில் ஒரு பர்மாத் தேக்குக் கதவு

கொழும்பு கிராண்ட்பாஸில் பழைய மரக்காலை ஒன்றில், இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மாத் தேக்குக் கதவை வாங்கினேன். முதலாளி உளியால் ஒரு மூலையைச் சீவிக் காட்டினார்: தேன் நிறம், விரலில் ஒட்டும் எண்ணெய்ப்பசை, பதனிட்ட தோலின் மணம்.

பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே ஆண்டுக்கணக்கில் காயவிட்டு, யானைகளைக்கொண்டு இழுத்து ஆற்றில் விடுவார்கள். அந்த வணிகத்தில் கோலோச்சியது 1863இல் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனமான பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம். மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாக 1885இல் பர்மிய அரசு அதற்கு அபராதம் விதித்தது. பிரிட்டன் அதையே சாக்காக்கிப் படையெடுத்தது. பர்மிய மன்னர் தீபோ இந்தியாவின் ரத்னகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். தேக்குக்காக ஒரு முடியே சரிந்திருக்கிறது!

விலை கூடுதல்தான், கொடுக்கலாம். பழைய ஆணிகளை முழுதாகப் பிடுங்காமல் அனுப்பியதுதான் பெரும் பிழை. எங்கள் தச்சரின் வாளில் இரண்டு பற்கள் போய்விட்டன.