கோபே துறைமுக நிலநடுக்க நினைவுப் பூங்கா: பார்த்தவரின் மதிப்பீடு

ஜப்பானின் கோபே நகரில், மெரிக்கென் பூங்காவின் கடலோர விளிம்பில் உள்ள இந்த நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மோட்டோமச்சி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு நேர்ந்த நிலநடுக்கத்தில் உடைந்த துறைமேடையில் சுமார் 60 மீட்டர் நீளத்தை மட்டும் செப்பனிடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

நடைபாதையில் நின்று கீழே பார்த்தால், கான்கிரீட் தளம் பாளம் பாளமாகப் பிளந்து சரிந்து கிடப்பதும், இடுக்குகளில் கடல்நீர் ஏறி இறங்குவதும், விளக்குக் கம்பங்கள் ஒடியாமலே சாய்ந்து நிற்பதும் தெரிகின்றன. பூங்காவுக்கு வருவோரில் பலர் ‘பீ கோபே’ எழுத்துச் சிற்பத்தின் முன் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்; எனக்கோ அந்தக் கம்பங்களை விட்டு நகர மனம் வரவில்லை. கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத் தாங்கிய தரைதான் கைவிட்டிருக்கிறது. மண் திரவமாதல், அதாவது நீர் நிறைந்த மண் அதிர்வில் திரவம்போல் இளகிவிடுவது, என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

சேதத்தையும் மீட்புப் பணியையும் காட்சிப் பலகைகள் விளக்குகின்றன. ஆனால் உண்மையான கதை நீருக்கும் தரைக்கும் அடியில் நடந்தது என்பதால், கண்முன் இருக்கும் இடிபாடு மட்டும் போதவில்லை. அருகிலுள்ள போர்ட் ஐலண்ட், மலையை வெட்டிக் கொண்டுவந்த கருங்கல் சிதைவு மண்ணைக் கடலில் கொட்டி உருவாக்கிய தீவு. நீர் நிறைந்த தளர்வான மண் அதிரும்போது மணிகள் நெருங்கி அமர முயல்கின்றன. இடையிலுள்ள நீர் உடனே வெளியேற முடியாமல் அதன் அழுத்தம் ஏற, மணிகளுக்கிடையிலான பிடிப்பு விட்டுப்போய் மண் கூழாகிவிடுகிறது. துறைச் சுவராக நிறுத்தியிருந்த மாபெரும் கான்கிரீட் பெட்டிகளின் கீழே, மென்களிமண்ணை அகற்றிவிட்டு நிரப்பியிருந்த மணலும் வலுவிழந்ததால், பின்னாலிருந்து மண் தள்ள, அடியில் ஊன்றிக்கொள்ள வழியின்றி, அவை சில இடங்களில் 5 மீட்டர் வரை கடல்பக்கம் நகர்ந்து, ஓரிரு மீட்டர் அமிழ்ந்தன. ஆழமான தூண் அடித்தளத்தில் நின்ற கட்டடங்கள் பல விழவில்லை. சுற்றியிருந்த தரை இறங்கியதால் வாசலுக்கும் தெருவுக்கும் இடையே புதிதாக ஒரு படி உயரம் முளைத்தது. முன்கூட்டியே இறுக்கப்பட்டிருந்த நிலப்பகுதிகளோ மிகக் குறைவாகவே அமிழ்ந்தன.

சாய்ந்த கம்பங்களுக்கு அருகிலேயே மண்ணின் குறுக்குவெட்டு மாதிரி ஒன்றைப் பெரிதாக நிறுத்தினால், பொறியியல் படிக்காதவருக்கும் இவ்வளவும் விளங்கும். அளவும் ஒரு சிக்கல்: துறைமுகத்தின் பெரிய கப்பல் துறைகளில் ஏறத்தாழ அனைத்தும் பழுதாகி, மீட்க இரண்டாண்டுகள் பிடித்ததையும், அதற்குள் சரக்குப் போக்குவரத்தில் ஒரு பங்கு தென்கொரியாவின் பூசான் போன்ற துறைமுகங்களுக்குப் போய்த் திரும்பாமலே நின்றுவிட்டதையும் 60 மீட்டர் இடிபாட்டைக் கொண்டு உணர்வது கடினம்.

கட்டடங்கள் பட்ட பாட்டைத் தேடிப் போகிறவருக்கு இங்கே அதிகம் கிடைக்காது. 1964 நிலநடுக்கத்தில் ஜப்பானின் நீகாத்தா நகரில் இதே மண் திரவமாதலால் அடுக்குமாடிகள் சிதையாமல் முழுசாகச் சாய்ந்த படங்களை முன்பே பார்த்துவிட்டு வருவது நல்லது. கட்டடப் பொறியியல் மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அரை மணி நேரம் போதும். விரிசல்களின் போக்கு தெரியப் பகலில் செல்லுங்கள்.