செட்டா, அவுட்டோரா: எதில் கழிவு குறைவு?

செட் போட்டு எடுப்பதா, நிஜமான இடத்துக்கே போய் எடுப்பதா என்பதைத் தயாரிப்பாளர்கள் செலவையும் கால்ஷீட்டையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். குப்பையையும் புகையையும் அதே கணக்கில் எழுதினால் விடை பல படங்களுக்கு மாறிவிடும்.

செட்டின் குறை அதைப் பிரிக்கும் நாளில்தான் தெரியும். நேற்றுவரை கருங்கல் தூணாக நின்றது, ஒட்டுப்பலகைச் சட்டத்தில் தெர்மாக்கோலைச் செதுக்கி ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி வண்ணமடித்த ஒன்று. கடப்பாரை பட்டதும் வெள்ளை மணிகள் உதிர்ந்து காற்றோடு பறக்கின்றன. ஆணியும் பூச்சும் அப்பிய பலகைக்கு மறுவிலை கிடைப்பது அரிது. அந்தப் பூச்சு ஈரக் குப்பையோடு புதைந்தால், காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சல்பேட்டை அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவாக மாற்றிவிடுகின்றன.

அவுட்டோரில் இந்தக் குவியல் இல்லை. ஆனால் அங்கே செலவாவது டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஜெனரேட்டர் வண்டியோ விளக்குகள் அணையும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, மிகப் பெரிய பட்ஜெட் படம் ஒன்றுக்குச் சராசரியாக 2,840 டன் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வைக் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ பாதி போக்குவரத்தால் வந்தது. இடத்துக்கு நேரும் சேதமும் உண்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் 'தி பீச்' படத்துக்காக மணல்மேட்டின் இயற்கைச் செடிகளை அகற்றித் தென்னைகளை நட்டார்கள். அது நீதிமன்றத்தில் பல்லாண்டு வழக்கானது.

நடிகருக்குப் பின்னால் இடத்தின் காட்சியை ராட்சதத் திரையில் ஓடவிடும் எல்இடி சுவர் பயணத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனாலும் நடிகர் தொடும் மேசையும் படியும் நிஜமாகவே வேண்டும், மின்சாரமும் நிறையவே செலவாகும்.

என் தேர்வு இது: சிறிய யூனிட், சில நாள் வேலை என்றால் அவுட்டோரே மேல். நூற்றுக்கணக்கானோர் வாரக்கணக்கில் தங்க வேண்டிய படத்துக்கு, மின்வாரிய இணைப்புள்ள ஸ்டுடியோவில் போட்ட செட் நல்லது. ஆனால் அது மறுபடி பயன்பட வேண்டும். ராமோஜி ஃபிலிம் சிட்டியில் 'பாகுபலி'யின் மகிழ்மதி செட்டைப் பார்வையாளர்களுக்காக நிறுத்திவைத்திருக்கிறார்கள். எல்லாச் செட்டுக்கும் அந்த வாழ்வு கிடைக்காது. அதனால் ஆணிக்குப் பதில் திருகாணி, மரச்சட்டத்துக்குப் பதில் கழற்றி மாட்டும் இரும்புச் சட்டம் என்று கலை இயக்குநர் முதல் வரைபடத்திலேயே எழுத வேண்டும். பிரிக்கும் கூலியைத் தயாரிப்பாளர் பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.