எச்சரிக்கை: மதர்போர்டு வாங்கப் போய் 2,180 வெள்ளியைப் பறிகொடுத்தேன்

நேற்று சாயங்காலம்தான் ஈப்போவிலிருந்து திரும்பி வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் பாதியை எழுதாமல் விட்டுவிடுவேன். புதிதாகக் கணினி கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. பழைய கணினி 4கே வீடியோவைத் திறந்தாலே திணறுகிறது. அதனால் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 800 வெள்ளியையும் மூன்று கல்யாண வீட்டு முன்பணத்தையும் சேர்த்து வைத்து, இரண்டு மாதம் போர்டுகளை (மதர்போர்டு, கணினியின் எல்லாப் பாகத்தையும் மாட்டும் பலகை) மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டு ஏமாந்தவன் இல்லை நான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கணினியின் மூளையான சிபியூவைச் செய்யும் கம்பெனிகளில் இன்டெல் பக்கம் இசட்890 போர்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் போட்டிக் கம்பெனி ஏஎம்டி தன் ஏஎம்5 சாக்கெட்டை (போர்டில் சிபியூ உட்காரும் இடம்) 2027 வரையாவது தொடர்வதாகச் சொல்லியிருக்கிறது. நாலு வருஷம் கழித்து சிபியூவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் போனேன். அங்கே பழைய எக்ஸ்670இ போர்டு வாங்குவதா, புதிய எக்ஸ்870இ வாங்குவதா என்பதில்தான் தலை சுற்றியது. இரண்டிலும் உள்ளே இருக்கும் சிப்செட் (மற்ற பாகங்களை சிபியூவோடு இணைக்கும் சிப்) ஒன்றுதான். புதியதில் யூஎஸ்பி4 என்ற வேகமான போர்ட் கட்டாயம் இருக்க வேண்டும், அதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஏஎம்5 சிபியூவிலிருந்து நமக்குக் கிடைப்பது 24 லேன், அதாவது தகவல் போய்வரும் பாதை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 டிஸ்க்குக்கு (போர்டிலேயே நேராகச் செருகும் எஸ்எஸ்டி) 4, மீதி 4 லேன் யூஎஸ்பி4க்குப் போய்விடும். சிபியூவோடு நேராகப் பேசும் இரண்டாவது எம்.2 வேண்டும் என்றால், சில போர்டுகள் அதை யூஎஸ்பி4இடமிருந்து பிடுங்கும், சில போர்டுகள் கிராஃபிக்ஸ் கார்டை 8 லேனுக்கு இறக்கிவிடும். நான் போடப் போவது மூன்று டிஸ்க். எந்த போர்டு எதை எங்கே வெட்டுகிறது என்று மேனுவலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பெட்டியில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

ஒரு இணையச் சந்தையில் கணினிப் பாகம் விற்கும் ஒருவனிடம் இதையே கேட்டேன். மற்ற கடைக்காரர்கள் 'ஸ்டாக் இருக்கு பாஸ்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இவன் தமிழில் பதில் எழுதினான். 'யூஎஸ்பி4 உங்களுக்கு வேணுமா அண்ணே? கேமரா கார்டுல இருந்து வீடியோ இறக்கத்தானே? அப்ப மூணாவது டிஸ்க்கை சிப்செட் ஸ்லாட்டுல போடுங்க, வேகம் கொறைஞ்சாலும் எடிட்டிங்குக்கு அது போதும்.' நான் 2,900 வெள்ளி போர்டைக் கேட்டபோது, 'வேணாம் அண்ணே, அந்தக் காசை ரேமுல போடுங்க' என்று குறைந்த விலை போர்டுக்கு என்னைத் திருப்பினான்.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். அதிக விலைக்குப் போக வேண்டாம் என்று தடுக்கிறவன் ஏமாற்றுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தையில் 2,330 வெள்ளி போட்டிருந்தான். வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி, நேராக வங்கிக்கு அனுப்பினால் 2,180 வெள்ளி என்றான். வங்கிக் கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு 'அக்கா கணக்கு அண்ணே' என்றான். அனுப்பினேன். 2,180 வெள்ளி.

பெட்டி நாலு நாளில் வந்தது. சீல் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரை வரவில்லை. கோளாறைக் காட்டும் போர்டின் சின்ன எண் திரையில் 00.

அவனைக் கூப்பிட்டேன். 'டிடிஆர்5 அண்ணே, முதல் தடவை மெமரி ட்ரெயினிங் நேரமாகும், விட்டுடுங்க' என்றான். புது ரேமை போர்டு முதல் தடவை சோதித்துச் சரிசெய்துகொள்வதுதான் மெமரி ட்ரெயினிங். அதற்கு நேரமாகும் என்பது உண்மைதான், அதனால் நம்பி விடிய விடிய உட்கார்ந்தேன். மறுநாள் 'பயாஸ் மாத்துங்க' என்றான், போர்டைக் கிளப்பும் மென்பொருளைச் சொல்கிறான். மாற்றினேன். அதற்கு மறுநாள் ரேம் ஒத்துவரவில்லை என்றான். தோட்டத்தில் ஒரு பையனிடம் வேறு ரேம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதே 00.

நேற்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஈப்போவில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். சீனத் தவுக்கே (கடை முதலாளி) சிபியூவைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். சாக்கெட்டில் இருக்கும் 1,718 பின்னில் மூலையோரம் ஐந்து பின் வளைந்து கிடந்தன. ஏஎம்5இல் பின் சிபியூவில் இல்லை, போர்டில்தான் இருக்கிறது. வீட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் எனக்கு அது தெரியவில்லை. பிறகு அவர் போர்டைத் திருப்பி, ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் பெட்டியில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு. யாரோ கெடுத்துத் திருப்பிக் கொடுத்த போர்டைப் புதுப் பெட்டியில் போட்டு, சீல் ஒட்டி எனக்கு விற்றிருக்கிறான். தவுக்கே என்னிடம் காசு வாங்கவில்லை. அவருக்கு நன்றி.

படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். 'பின் வளைஞ்சா வாரண்டி இல்ல அண்ணே, நீங்க மாட்டும்போது வளைச்சிட்டீங்க.' எண் ஏன் வேறு என்று கேட்டேன். பதில் இல்லை. அரை மணி நேரத்தில் என்னை பிளாக் செய்துவிட்டான். இணையச் சந்தைக்காரர்களிடம் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்கிறார்கள். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், போலீஸ் ரிப்போர்ட் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். 2,180 வெள்ளி! என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் எத்தனை மாதச் சம்பளம் அது!

சரி, சொல்கிறேன் என்றேனே. சந்தைக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீஸின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். நான் நேற்று ராத்திரிதான் பார்த்தேன், ஏற்கனவே புகார் இருக்கிறது. பெட்டி வந்ததும் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டி எண், போர்டு எண், சாக்கெட் பின் மூன்றையும் சிபியூ வைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். சாக்கெட் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்த நிமிஷமே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடியுங்கள், நான் மூன்று நாளை மெமரி ட்ரெயினிங்கில் தொலைத்தேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் அந்த 'அக்கா'வின் பெயரும்தான். வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் பிறகு எழுதுகிறேன், இப்போது ரிப்போர்ட் செய்யக் கிளம்ப வேண்டும்.

இதே ஆளிடம் யாராவது இப்போது பேசிக்கொண்டிருக்கலாம். நல்ல தமிழில் பேசுவான். லேன் கணக்கை நம்மைவிட நன்றாகச் சொல்வான். விலை அதிகமான போர்டை அவனே வேண்டாம் என்பான். அப்புறம் வாட்ஸ்அப்புக்குக் கூப்பிடுவான். போகாதீர்கள்.