கண்ணுல பிரஷர்: மலையிறங்கிப் போய் டாக்டரப் பாக்குறதா, விர்ச்சுவல் கிளினிக்கா?

குமுளி, வண்டிப்பெரியாறு எஸ்டேட் பக்கம் இருக்குறவங்களுக்கு கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெடுற நோய்) செக்கப்னாலே ஒரு நாள் கூலி போச்சு, கம்பம் வழியா தேனிக்கு இறங்கணும் இல்லன்னா கோட்டயம் வரைக்கும் போகணும், கண் பாப்பா விரிய சொட்டு விட்டா திரும்பி வர்றப்ப கண்ணு மங்கலாத்தான் இருக்கும், அதுக்குத் துணைக்கு வர்றவரு கூலியும் போச்சு.

விர்ச்சுவல் கிளினிக்னா டெக்னீஷியன் பார்வை, பிரஷர், ஃபீல்டு டெஸ்ட் (பக்கவாட்டுல எவ்வளவு தெரியுதுன்னு பாக்குறது), ஓசிடி ஸ்கேன் (நரம்பு அடுக்கோட தடிமன அளக்குறது), நரம்பு போட்டோ எல்லாம் எடுத்து வச்சுருவாங்க, ஸ்பெஷலிஸ்ட் அப்புறமா உக்காந்து பாத்து முடிவு சொல்வாரு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரில இப்படி நடக்குது. நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோட ஊர்ப்புற விஷன் சென்டர் வேற, அங்க டாக்டர் அப்பவே வீடியோல வந்துருவாரு.

என்னக் கேட்டா முதல் தடவை கண்டிப்பா நேர்லதான் போகணும். கோனியோஸ்கோப்பின்னு ஒண்ணு இருக்கு, கண்ணு மேல லென்ஸ் வச்சு, உள்ள ஊறுற தண்ணி வடியுற கோணம் தொறந்திருக்கா அடைஞ்சிருக்கான்னு பாக்குறது, அத பழகின டாக்டர் கைதான் செய்யணும். கோணம் அடையுற வகை நம்ம ஆசியாக்காரங்களுக்கு வெள்ளக்காரங்கள விட ஜாஸ்தி, அதுக்கு பல பேருக்கு லேசர் தேவைப்படும், அத விட்டுட்டு வெறும் பிரஷர் நம்பர வச்சு ஓட்டக்கூடாது. பிரஷர் வழக்கமான மேல் அளவான 21க்குக் கீழ இருந்தாலும் நரம்பு கெடலாம், கார்னியா (கண்ணோட முன்பக்கக் கண்ணாடிப் படலம்) தடிமனா இருந்தா நம்பர் கூடுதலா காட்டும்.

ஆனா ஆரம்ப நிலைல இருக்கு, சொட்டு மருந்துல அடங்கியிருக்கு, இல்ல வெறும் சந்தேகம்தான்னு டாக்டரே சொல்லிட்டாருன்னா அடுத்தடுத்த செக்கப்புக்கு விர்ச்சுவல்தான் நல்லதுன்னு நான் சொல்வேன். போன தடவ ஃபீல்டயும் இந்த தடவ ஃபீல்டயும் பக்கத்துல வச்சுப் பாக்குறதுதான் அங்க முக்கிய வேல, அதுக்கு நம்ம எதிர்ல இருக்கணும்னு இல்ல. நோய் முத்தினவங்க, ஒத்தக் கண்ணுல மட்டும் பார்வை உள்ளவங்க, ஆபரேஷன் ஆனவங்க இதுல சேர வேணாம்.

இன்னொரு பெரிய விஷயம், ரிசல்ட் எப்படி வருதுங்குறது. மலையாளம் நல்லா பேசுற நம்ம பெரியவங்க பல பேருக்கு அத வாசிக்கத் தெரியாது, லெட்டர் வந்து டப்பாக்குள்ள கெடக்கும், எல்லாம் சரியாயிருச்சு போலன்னு சொட்ட நிறுத்திருவாங்க, போன பார்வை திரும்பவே வராது. அதனால போன்ல தமிழ்லயே சொல்லுங்கன்னு பதியும்போதே கேட்டு வாங்குங்க, கூட மகன் மகள் நம்பரையும் குடுங்க.

திடீர்னு கண்ணு செவந்து, தலைவலி, வாந்தி, லைட்டச் சுத்தி வானவில் வளையம் தெரிஞ்சா எந்த அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காம அன்னிக்கே வண்டி புடிச்சு கண் டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.