பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு எவ்வளவு வெட்டு? காவிரி, கொலராடோ, முர்ரே: ஓர் ஒப்பீடு

கூட்டாட்சி நாடுகள் ஆற்று நீரை மாநிலங்களுக்குப் பங்கிடும் முறைகளில் மூன்றை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். காவிரியில் நடுவர் மன்றத் தீர்ப்பு. அமெரிக்காவின் கொலராடோவில் அணையின் நீர்மட்டத்தோடு கட்டிப்போட்ட வெட்டு அட்டவணை. ஆஸ்திரேலியாவின் முர்ரேயில் அணைக்குள்ளேயே மாநிலவாரியான இருப்புக் கணக்கு. மழை கொட்டிய ஆண்டில் எந்த முறையும் சிக்கலில்லாமல் ஓடிவிடும். அதைப் பேசிப் பயனில்லை. தண்ணீர் குறைந்தால் யாருக்கு எவ்வளவு வெட்டு என்பது வறட்சி வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா? என் கணக்கில் முறையின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான். இதில் நான் கொலராடோ பக்கம்.

முதலில் காவிரி. 2007 தீர்ப்பு 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில் உள்ள அளவீட்டு நிலையமான பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழகத்துக்குத் தரவேண்டிய அளவை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. மாதக் கணக்கும் உண்டு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76 என்று போகும். ஆனால் இது இயல்பான ஆண்டுக்கான பட்டியல். பற்றாக்குறை ஆண்டுக்குத் தீர்ப்பு சொல்வது, பங்குகள் விகிதாசாரப்படி குறைக்கப்படும் என்பது மட்டுமே. எந்தத் தேதியில் எதை அளந்து அந்த விகிதத்தைக் கணக்கிடுவது என்பதற்குச் சூத்திரம் இல்லை.

2023-இல் இதன் விளைவைப் பார்த்தோம். ஒரு டி.எம்.சி. என்பது விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடும் நீர். செப்டம்பர் பங்கை 30 நாளுக்குப் பிரித்தால் விநாடிக்குச் சுமார் 14,200 கன அடி வரவேண்டும். விடுபட்டதையும் சேர்த்துத் தமிழகம் கேட்டது 24,000. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு ஆகஸ்ட் இறுதியில் சொன்னது 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி, அதாவது மொத்தமே 6.48 டி.எம்.சி. பிறகு இன்னொரு 15 நாள், இன்னொரு கூட்டம், உச்ச நீதிமன்றம், பெங்களூருவிலும் கர்நாடகம் முழுவதிலும் பந்த். 24,000-க்கும் 5,000-க்கும் இடையிலான இந்த வெற்றிடத்தை நிரப்புவது அரசியல்தான். 2018-இல் காவிரி மேலாண்மை ஆணையத்தை அமைக்க நீதிமன்றம் தந்த ஆறு வாரக் கெடு முடிந்ததும், மத்திய அரசு கர்நாடகத் தேர்தலைக் காரணம் காட்டி அவகாசம் கேட்டது. ஆணையம் அமைந்தது தேர்தல் முடிந்த பின், ஜூன் 1 அன்று. 2024 ஜூலையில் தினம் ஒரு டி.எம்.சி. என்று குழு சொல்ல, கர்நாடக அனைத்துக் கட்சிக் கூட்டம் 8,000 கன அடி என்றது. தகராறைத் தீர்த்து வைத்தது அடுத்த இரண்டு வாரத்தில் பெய்த மழை.

கொலராடோவில் 1922 ஒப்பந்தப்படி மேல் வடிநிலத்துக்கும் கீழ் வடிநிலத்துக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 327 டி.எம்.சி. இங்கே கவனிக்க வேண்டியது 2007-இல் கீழ்ப்பகுதிக்கு (அரிசோனா, கலிபோர்னியா, நெவாடா) எழுதிய விதி. ஒவ்வோர் ஆகஸ்டிலும் வெளியாகும் 24 மாத முன்கணிப்பு, வரும் ஜனவரி 1 அன்று ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் என்னவாக இருக்கும் என்று சொல்லும். 1,075 அடிக்குக் கீழே என்றால் முதல் படி, 1,050 இரண்டாம் படி, 1,025 மூன்றாம் படி. படிக்கு ஒரு வெட்டு, மாநிலத்துக்கு ஓர் எண். 2019-இல் கூடுதல் வெட்டுகளும் சேர்ந்தன. 2021 ஆகஸ்ட் 16 அன்று முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது: அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர் அடி (சுமார் 22 டி.எம்.சி.), நெவாடாவுக்கு 21,000, கலிபோர்னியாவுக்குப் பூஜ்யம். அரிசோனாவின் பினால் மாவட்ட விவசாயிகளுக்கு அது பலத்த அடி. ஆனாலும் அந்த எண்ணை முடிவு செய்ய ஓர் அவசரக் கூட்டமும் கூட்டவேண்டியிருக்கவில்லை. அரிசோனாவின் வெட்டு எவ்வளவு என்பது முன்பே தெரிந்ததுதான்.

அங்கே அரசியல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டு அரிசோனாவின் தலையில் விழுந்ததற்குக் காரணமே 1968-இன் பேரம்: மத்திய அரிசோனா கால்வாய்க்கு நாடாளுமன்றத்தில் கலிபோர்னியாவின் ஆதரவு வேண்டும், அதற்கு விலையாகக் கால்வாயின் உரிமை கலிபோர்னியாவின் 44 லட்சம் ஏக்கர் அடிக்குப் பின்னால் போனது. வேறுபாடு என்னவென்றால், பேரம் முன்கூட்டியே முடிந்து சட்டத்தில் ஏறிவிட்டது.

கொலராடோ முறையின் குறைகளும் கனமானவை. 1922 பங்கே ஈரமான ஆண்டுகளின் நீர்வரத்தை நம்பிப் போட்டது. பழங்குடி மக்களை அந்த மேசைக்கு அழைக்கவே இல்லை. 2022-இல் அட்டவணைக்கும் மேலாக 20 முதல் 40 லட்சம் ஏக்கர் அடி குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு மாநிலங்களைக் கேட்க வேண்டியதாயிற்று. 2023-இல் மத்திய அரசின் பணத்தைக் கொடுத்துத்தான் கீழ் மாநிலங்களை இறங்கி வரச் செய்தார்கள். 2007 விதிகளுக்கோ 2026 வரைதான் ஆயுள்.

முர்ரேயைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹியூம், டார்ட்மவுத் அணை நீரில் நியூ சவுத் வேல்சுக்கும் விக்டோரியாவுக்கும் பாதிப் பாதி, இருவருமாகத் தென் ஆஸ்திரேலியாவுக்கு இயல்பான ஆண்டில் 1,850 கிகா லிட்டர் (சுமார் 65 டி.எம்.சி.) தரவேண்டும். மிச்சம் பிடித்த மாநிலத்தின் கணக்கிலேயே மிச்சம் நிற்கும் என்பது அருமையான ஏற்பாடு. ஆனால் சுற்றுச்சூழலுக்கு 2,750 கிகா லிட்டரை மீட்க 2012-இல் போட்ட திட்டம் இன்றுவரை இழுபறி. அத்திட்டத்தின் 2023 திருத்தத்துக்கு விக்டோரியா உடன்படவில்லை. 2018-19 கோடையில் முர்ரேயின் கிளையான டார்லிங் ஆற்றில் மெனின்டி அருகே மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன.

கொலராடோ அட்டவணையை அப்படியே காவிரிக்குப் பெயர்த்தால் தோற்கும். கொலராடோவின் மீட், பவல் ஏரிகள் பல ஆண்டு நீரைத் தேக்குபவை. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் நான்கும் சேர்ந்து சுமார் 114 டி.எம்.சி.தான். ஆண்டுக்கு ஒரு அளவீடு இங்கே உதவாது. ஜூன் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் 1, 16 தேதிகளில் அளக்கவேண்டும். நான்கு அணைகளின் இருப்பு, அதுவரையிலான நீர்வரத்து இரண்டையும் 30 ஆண்டு சராசரியோடு ஒப்பிட்டு, 20, 40, 60 சதவீதக் குறைவுக்கு மூன்று படிகள் வைக்கலாம். படிக்கு இரண்டு எண்கள் வேண்டும்: பில்லிகுண்டுலுவில் எவ்வளவு, கர்நாடகக் கால்வாய்களில் எவ்வளவு. இரண்டாவதை எழுதாமல் முதலாவதை மட்டும் எழுதினால் பழைய சண்டைதான். பில்லிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது; கிருஷ்ணராஜசாகரிலிருந்து பிரியும் விசுவேசுவரய்யா கால்வாயின் தலைமதகிலும், பம்ப் வைத்து ஏரிகளை நிரப்பும் இடங்களிலும், மேட்டூருக்குக் கீழே நம் பக்கத்திலும் அதே அமைப்பின் மீட்டர் வேண்டும்.

தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை இருக்கிறதே என்பது கர்நாடகத்தின் நிலையான வாதம். அக்டோபர் மழையைச் செப்டம்பர் வெட்டில் கழிக்க முடியாது. டிசம்பருக்குப் பிந்தைய தவணைகளில் சரிக்கட்டலாம் என்பது என் எண்ணம், ஆனால் அதன் விகிதத்தை நீரியல் வல்லுநர்கள்தான் போடவேண்டும். டெல்டாவுக்கு இதில் உடனடி லாபம் ஒன்று உண்டு: ஜூலை 1 அளவீட்டிலேயே படி தெரிந்துவிட்டால், மேட்டூர் நீரை நம்பி மேலும் குறுவை நடுவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா என்பதை விவசாயி நாற்று பறிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.