காட்பாடியும் சத்துவாச்சாரியும்

பாலாற்றின் வடகரையில் காட்பாடி, தென்கரையில் சத்துவாச்சாரி. இரண்டும் 2011இல் வேலூர் மாநகராட்சியோடு இணைந்தவை. வளர்ந்த விதம்தான் வேறு.

காட்பாடியை வளர்த்தது ரயில். சென்னை–ஜோலார்பேட்டைப் பாதையில் திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் இங்கேதான் தடம் பிரிகிறது. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகம் வந்த பிறகு வயல்கள் விடுதிகளாயின. விடியற்காலை நிலையத்துக்கு வெளியே நின்று பாருங்கள்: ஸ்கேன் படங்கள் அடங்கிய உறையை மார்போடு அணைத்தபடி ஒரு வங்காளக் குடும்பம் இறங்கும். 'சி.எம்.சி., சி.எம்.சி.' என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஆட்டோக்காரர்கள் இந்தியில் பேரம் பேசுவார்கள். முன்பின் தெரியாதவர்களை நாள்தோறும் வரவேற்கும் ஊர் அது. எனக்கு அதில் பெருமைதான்.

சத்துவாச்சாரி சாலையால் வளர்ந்தது. தேசிய நெடுஞ்சாலையோரம் ஆட்சியர் அலுவலகம், உள்ளே வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், பின்னால் மலை. முகவரியிலேயே 'ஃபேஸ் 2' என்று எழுதுவார்கள். அரசு ஊழியர்கள் வீடு கட்டித் தங்கிவிட்ட ஊர். மாலையில் தெருக்கள் அமைதியாக இருக்கும்.

குடியிருக்கச் சத்துவாச்சாரி நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழைப்புத் தேடி வருபவருக்கு நான் காட்பாடியைத்தான் சொல்வேன். அங்கே நள்ளிரவில் இறங்கினாலும் சூடான தேநீர் கிடைக்கும்.